தும்மினால் நிறுத்தக் கூடாது

எங்கள் ஊரில் கார் ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். வேறு தேர்வாளர்களும் இருந்தார்கள். ஆனால் நான் நடத்துகிற பயிற்சிப் பள்ளியிலிருந்து போகிறவர்களுக்கு மட்டும் எப்படியோ அவர்தான் வந்து வாய்ப்பார். நல்ல உயரம், ஒல்லி உடம்பு, மேலுதட்டை முழுசாக மூடிய மீசை. காரில் ஏறிக் கதவைச் சாத்தினால் அவருக்கு மொத்தம் நான்கு வார்த்தைகள்தான். நேரா, இடது, வலது, நிறுத்துங்க. ஐந்தாவதாக ஒரு வார்த்தை வந்தால் அது ஃபெயில்.

கறார்ப் பேர்வழியே தவிரக் கெட்ட மனிதர் இல்லை. சிபாரிசு என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்குக் காது கேட்காது. தன் மேலதிகாரியின் சொந்தத் தம்பியையே, பின்கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினான் என்று இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். மேலதிகாரி அதற்கப்புறம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அதையும் இவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

குளிர்காலம் முழுக்க இப்படித்தான். குளிர் விட்டு மரங்கள் பூக்க ஆரம்பித்ததும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார்.

தேர்வு அலுவலக வாசலில் தொடங்கி, தேர்வுக்கென்று வகுத்திருந்த பாதை நெடுக இரண்டு பக்கமும் ஒரே சாதி மரம். நகராட்சியில் எந்தப் புண்ணியவான் நட்டானோ. இலை வருவதற்கு முன்னாலேயே பூ வந்துவிடும். பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. கம்பளிப்பூச்சிகள் தலைகீழாகத் தொங்குவதுபோல மஞ்சள் குஞ்சங்கள். காற்றடித்தால் தூள் பறக்கும். நிறுத்திவைத்த கார்மேல் விரலால் பெயர் எழுதலாம். நமக்கெல்லாம் அது துடைத்தால் போகிற தூசி. அவருக்கு அது எமன்.

முதலில் கண் அரிக்கும். அப்புறம் மேலண்ணம், பிறகு காதின் உள்பக்கம். அங்கெல்லாம் எப்படிச் சொறிவது? மூக்கு குழாயாகத் திறந்துகொள்ளும். அது நின்றால் இரண்டு துவாரமும் அடைத்துக்கொள்ளும். தும்மலும் ஒன்றிரண்டோடு நிற்காது, சரம் கோத்த மாதிரி வரும். குழந்தை தும்மினால் நூறாயுசு என்று வாழ்த்துகிறோமே, அந்தக் கணக்கில் அவர் ஒரே பருவத்தில் சாகாவரம் வாங்கியிருப்பார்.

தும்மினால் தும்மிவிட்டுப் போகட்டுமே என்பீர்கள். சிக்கல் அவர் கையில் இருந்தது. தேர்வில் திடீரென்று நிறுத்திக் காட்டுகிற கட்டம் ஒன்று உண்டு. யாரோ குறுக்கே ஓடி வந்ததாக நினைத்துக்கொள்ள வேண்டும். தேர்வாளர் முன்பலகையை உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவார். தட்டிய கணமே பிரேக்கை மிதிக்க வேண்டும். இவருக்குத் தும்மல் வந்தால் உடம்பு முன்னால் சாயும். சாய்கிற உடம்பைத் தாங்கக் கை தானாகப் போய் முன்பலகையில் அறையும். ஏற்கெனவே பயந்துபோய் ஓட்டுகிறவர், அது தும்மலா உத்தரவா என்று ஆராய்ந்துகொண்டா இருப்பார்? மிதிப்பார். வண்டி குலுங்கி நிற்கும். பின்னால் வருகிறவன் ஹாரனில் ஏறி உட்காருவான். மறுபடி தும்மல், மறுபடி அறை, மறுபடி மிதி. காரணமில்லாமல் நடுரோட்டில் நிறுத்துவது பெரிய தவறு. ஃபெயில்.

"நான் தும்மினேன், நீங்க ஏன் நிறுத்தினீங்க?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்பார். அவரைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான்.

வேறு வழியில்லாமல் நான் என் பாடத்தை மாற்றினேன். பயிற்சிக் காரில் உட்கார்ந்து நானே தும்ம ஆரம்பித்தேன். தும்மித் தட்டுவேன், "ஓட்டுங்க, ஓட்டுங்க, நிறுத்தாதீங்க" என்பேன். தும்மாமல் தட்டுவேன், "இப்ப நிறுத்துங்க" என்பேன். தும்மலோடு வந்தால் போ, தனியாக வந்தால் நில். பழகிப் பழகி, ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது தும்மிவிட்டு மேசையை அறைந்தேன். என் மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

நான் சொல்ல வந்த வருஷம் அந்த மரங்கள் வெறிபிடித்த மாதிரிப் பூத்தன.

அலுவலகத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். உரிம அட்டைக்குப் படம் எடுக்கிற புகைப்படக்காரர் சொன்னது இவர் மனதில் தைத்துவிட்டது.

"பிரச்சினையே உங்க மீசைதான் சார். அந்தத் தூளெல்லாம் அதுலதான் தங்குது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ள போகுது. வாசல்ல மிதியடி போட்ட மாதிரி வச்சிருக்கீங்க."

கல்யாணத்துக்கு மாமியார் வீட்டில் எடுக்கச் சொன்னபோதுகூட எடுக்காத மீசை. அடுத்த நாள் காலையில் இல்லை. வாசல் காவலாளி அவரை அடையாளம் தெரியாமல், விண்ணப்பத்தோடு வந்தவர்கள் வரிசையில் நிற்கச் சொன்னார். அவரும் வரிசை நகரும்வரை நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார். மீசை போனதுதான் மிச்சம். தும்மல் குறையவில்லை, முன்பு மீசையில் மோதி வந்தது இப்போது தடையில்லாமல் வந்தது.

வீட்டில் அவர் மனைவியின் ஆட்சி. அந்தம்மா ஒரு பெரிய தங்கும் விடுதியில் சலவைப் பிரிவுக்குப் பொறுப்பு. கறையோடு வருகிற எதையும் அப்படியே உள்ளே விடக் கூடாது என்பது அவர் வேலையின் முதல் விதி. புருஷனுக்கும் அதே விதியைப் போட்டுவிட்டார். வெளியில் போட்ட துணி வீட்டுக்குள் வரக் கூடாது. நாலாவது மாடியில், கதவுக்கு வெளியே, படிக்கட்டுத் தளத்திலேயே எல்லாவற்றையும் கழற்றிப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, உள்ளாடையோடு நேராகக் குளியலறைக்குப் போக வேண்டும்.

"ஏங்க, எதிர்வீட்டுல ஆள் இருக்காங்களேன்னு கூச்சப்படாதீங்க. வியாதிக்கு வெக்கம் கிடையாது."

முதல் நாள் எதிர்வீட்டம்மா பார்த்த மாத்திரத்தில் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு, இவர் வருகிற நேரம் பார்த்துத்தான் குப்பையை வெளியே வைக்க வருகிறார் என்று மனைவி கண்டுபிடித்தார். அன்றிலிருந்து குப்பை விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. ஜன்னல்களை ஒட்டுநாடா போட்டு அடைத்தாயிற்று. துணி உலர்த்துவது வீட்டுக்குள்ளேயே. எங்கே போனாலும் முகத்தில் ஈரத்துணி மோதும். இவர் அதற்குள்ளும் தும்மினார்.

அந்தச் சமயத்தில்தான் மேலதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"பூப் பூக்கிற நாள்ல உங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் தேறுறதில்லை. உங்க தும்மல் மேல புகார் வந்திருக்கு."

"தும்மல் மேலயா சார், என் மேலயா?"

"ரெண்டும் ஒரே விலாசத்துலதானே இருக்கு? நாளையிலேருந்து எனக்குத் தும்மாத டெஸ்ட் வேணும்."

வீட்டுக்குப் போகிற வழியில் மச்சான் கடையில் இறங்கினார். மனைவியின் தம்பி மருந்துக்கடை வைத்திருந்தான். அத்தானின் மூக்கைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

"டாக்டர் குடுத்த ஸ்பிரே என்ன ஆச்சு அத்தான்?"

"ரெண்டு நாள் அடிச்சேன். ஒண்ணும் ஆகலை. தூக்கிப் போட்டுட்டேன்."

"அது ரெண்டு நாள்ல வேலை செய்யாது."

"எனக்கு நாளைக்கு வேலை செய்யணும். இருக்கிறதுலேயே பலமானதைக் குடு."

மச்சான் தயங்கித் தயங்கி ஒரு மஞ்சள் மாத்திரையை எடுத்தான். "இது பழைய ரகம். தும்மல் நிக்கும். ஆனா யானைக்குக் குடுத்தா யானையே படுத்துடும். ராத்திரி படுக்கப் போறப்ப மட்டும் போடுங்க. இங்க பாருங்க, பெட்டியிலயே போட்டிருக்கு, வாகனம் ஓட்டக் கூடாதுன்னு."

அவர் பெட்டியை வாங்கிக் கவனமாகப் படித்தார். "நான் ஓட்ட மாட்டேனே. பக்கத்துல உக்காரத்தானே போறேன்."

விதிகளை எழுத்துக்கு எழுத்து மதிக்கிறவர்களிடம் இருக்கிற ஆபத்தே இதுதான். மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்போது மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு அவருடைய முதல் ஆள் என் மாணவி. நாங்கள் பல்லம்மா என்போம். பல் செட் தயாரிக்கும் கூடத்தில் மெழுகில் பல் வரிசை அடுக்குகிற வேலை. பேரன் பேத்தி எடுத்தவர். கூடத்தை ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கொண்டுபோய் விடுகிற கணவருக்குக் கண் மங்கிவிட்டது. அதனால் இந்த வயதில் என்னிடம் வந்தார். கை அசையவே அசையாது, அவ்வளவு நிதானம். ஆனால் சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்ய மாட்டார்.

"டாக்டர் என்ன அளவு எழுதிக் குடுக்கிறாரோ அதுதாங்க. நானா கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். வாய் அவங்களுது" என்பார்.

ஏற்கெனவே மூன்று தடவை தவறியிருந்தார். இரண்டு தடவை தும்மலால், ஒரு தடவை நியாயமாக. அன்றைக்கு நான் தெளிவாகச் சொல்லி அனுப்பினேன். "அவர் திரும்பச் சொன்னா திரும்புங்க. சொல்லலைன்னா நேரா போங்க. தும்மினா நிறுத்தாதீங்க. நீங்களா எதுவும் முடிவு பண்ணாதீங்க."

தேர்வாளர் வந்தார். கண் அரிப்புக்குக் கறுப்புக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம். பணம் எடுக்க வந்தவரா, வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவரா என்று சந்தேகம் வரும். தேர்வு விதிப்படி இரண்டு பேரும் கைபேசியை அலுவலக இழுப்பறையில் வைத்துவிட்டு என் காரில் ஏறினார்கள். கதவைச் சாத்தினார். "நேரா" என்றார்.

அதோடு சரி.

இரண்டாவது சந்திப்பில் வலது பக்கம் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் யானை படுத்துவிட்டது. ஆனால் படுத்த மாதிரித் தெரியவில்லை. பெல்ட் போட்டிருந்ததால் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். மடியில் மதிப்பெண் அட்டை, கையில் பேனா. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் மூடியிருந்தால் யாருக்குத் தெரியும்?

"அவர் தும்மவே இல்லைங்க. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு" என்று பல்லம்மா பிற்பாடு என்னிடம் சொன்னார்.

சந்தையைத் தாண்டினார். ரயில் பாலத்துக்கு அடியில் போனார். பழைய டயர் கிடங்குகள் போயின. ரவுண்டானா வந்தது, நேராக வெளியேறினார். நெடுஞ்சாலை வந்தது, கண்ணாடி பார்த்து, சைகை விளக்குப் போட்டு, அழகாக அதில் சேர்ந்தார். நாலாவது தடவை என்றால் சும்மாவா விடுவார்கள், தேர்வு நீளமாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாராம். இடையிடையே முகக்கவசத்துக்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது. தன் ஓட்டுதல் பிடித்துப்போய்ப் பாடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

வயல்கள் வந்தன. எரிபொருள் முள் சிவப்புக்கு வந்தது.

"சார், பெட்ரோல் போட்டுக்கலாமா?"

"ம்" என்றார் தூக்கத்தில்.

பெட்ரோல் போடுகிறவர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"சத்தமாப் பேசாதீங்க. டெஸ்ட் நடக்குது" என்று பல்லம்மா கிசுகிசுத்தார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல், ஓசைப்படாமல் மூடியை மூடினார்.

இங்கே அலுவலகத்தில் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அடுத்தடுத்த ஆட்கள் வரிசையில் காத்திருந்தார்கள். மேலதிகாரி வெளியே வந்தார்.

"எங்கய்யா போனாங்க? ஓடிப்போயிட்டாங்களா?"

"அந்தம்மாவுக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு சார்."

"அதனால என்ன?"

மேலதிகாரி உள்ளே போய், தேர்வாளரின் மனைவிக்கு ஃபோன் போட்டார். உங்கள் வீட்டுக்காரர் ஒரு பெண்மணியோடு காரில் போனவர் இன்னும் திரும்பவில்லை என்று பக்குவமாகச் சொன்னார். பின்னணியில் சலவை இயந்திரங்கள் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. அந்தம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கார் ஜன்னல் மூடியிருந்துச்சா?"

நெடுஞ்சாலை எங்கே போய் முடிகிறது என்று நாம் யாரும் யோசிப்பதில்லை. எங்கள் நெடுஞ்சாலை மீன்பிடித் துறைமுகத்தில் முடிகிறது. பல்லம்மா கடைசிவரை போனார். வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் பிசகாமல் நிறுத்தினார். கைப் பிரேக்கை இழுத்தார், கியரை எடுத்தார், கையை மடியில் வைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தார். உத்தரவு வரவில்லை. ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், இதுக்கு மேல நேரா இல்லைங்க. கடல் வந்துடுச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே படகுகள். அலை. காரின் முன்பக்கத்தில் ஒரு கடற்காகம் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் அவரும் அதைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கினார், முகக்கவசத்தை இறக்கினார், அப்படியே நின்றுவிட்டார்.

கடலிலிருந்து காற்று கரைப்பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பொட்டுத் தூள் இல்லை. அவருடைய மூக்கின் இரண்டு துவாரமும் திறந்திருந்தன. வாரக்கணக்கில் வாயால் மூச்சுவிட்டவர், சட்டைப் பித்தானை அவிழ்த்துவிட்டு நெஞ்சு நிறைய இழுத்தார்.

"மீன் நாத்தம் அடிக்குதுல்ல?" என்று கேட்டார்.

"ஆமா சார். குடலைப் புரட்டுது."

"ஆமா" என்றார், அப்படி ஒரு சந்தோஷத்தோடு. "டீசல் வாசனையும் வருது."

பல்லம்மா இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். "சார், பாஸா?"

அவர் முகம் மாறியது. "நான் தூங்கிட்டேங்க."

"எப்பத்திலேருந்து சார்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் நல்லாத்தான் ஓட்டினேன் சார்."

"இருக்கலாம். நான் பார்க்கலை. பார்க்காததுக்கு மார்க் போட முடியாது."

"ஓட்டாமலா இவ்வளவு தூரம் வந்திருக்கோம்?"

"வந்திருக்கோம். அது வேற. எப்படி வந்தோம்ங்கிறதுதான் டெஸ்ட்."

பல்லம்மா அதை யோசித்துப் பார்த்தார். அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் அவருக்கும் பட்டிருக்கிறது. திரும்பிப் போகிற பயணத்தைத் தேர்வாக வைத்துக்கொள்வது என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். ஐஸ் கடையிலிருந்து தேர்வாளர் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். மேலதிகாரி பேசிய பேச்சிலிருந்து மறுமுனையை நான் ஊகித்துக்கொண்டேன்.

"எங்க இருக்கீங்க? ... கடல்லயா? ... கரையில சரி, எதுக்கு? ... டெஸ்ட் முடிஞ்சுதா? ... பாதின்னா?"

திரும்பி வரும் வழியில் அவர் விழித்திருந்தார். காபியை அடுத்தடுத்துக் குடித்துவிட்டுக் கண்ணிமைக்காமல் பார்த்தார். வயல்வரை ஒரு தொந்தரவும் இல்லை. டயர் கிடங்குகள் வந்தபோது கண் அரிக்க ஆரம்பித்தது. மாத்திரையின் பலம் அடங்கிக்கொண்டிருந்தது. ரயில் பாலத்துக்கு அருகில் முதல் தும்மல். முன்பலகையில் அறை. பல்லம்மா அசையவில்லை. அடுத்த தும்மல், அடுத்த அறை. கார் ஒரே சீராகப் போனது. சந்தைத் தெருவில் சரம் கட்டிவிட்டது. தும்மல், அறை, தும்மல், அறை. கல்யாண மேளம்போலக் காருக்குள் ஒரே முழக்கம். நடுவில் கார் சட்டென்று நின்றது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "நான் தும்மினேன், நீங்க ஏன் நிறுத்தினீங்க?"

"உங்க தும்மலுக்கு இல்லைங்க சார். மெத்தை."

முன்னால் போன லாரியிலிருந்து ஒரு இரட்டைக் கட்டில் மெத்தை நழுவி, சாலை நடுவில் விரித்துப் போட்ட மாதிரிக் கிடந்தது. இன்னும் ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் ஏறியிருப்பார்கள். அவர் மெத்தையைப் பார்த்தார். அட்டையில் எதையோ எழுதினார். ஐந்தாவது வார்த்தை வரவில்லையே என்று பல்லம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்ததாம்.

அலுவலகத்தில் பெரிய விவாதம். அவர் எதையும் மறைக்கவில்லை. மாத்திரை போட்டேன், தூங்கினேன், கடலில் எழுந்தேன் என்று நிமிர்ந்து நின்று சொன்னார். மேலதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டார்.

"வகுத்த பாதையில போகலை. இது டெஸ்டே இல்லை."

அங்கே இருந்த மூத்த எழுத்தர் மெல்லச் சொன்னார். "டெஸ்ட் இல்லைன்னா சார், உரிமம் இல்லாத ஒரு அம்மா, தூங்குற நம்ம ஆபீசரை ஏத்திக்கிட்டு நெடுஞ்சாலையில போயிருக்காங்கன்னு ஆகும். அதுக்கு நாமதான் பதில் சொல்லணும்."

மேலதிகாரி தலையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப டெஸ்ட்தான்."

"டெஸ்ட்னா அந்தம்மா பாஸ் சார். தப்பு எதுவும் இல்லைன்னு போட்டிருக்கார்."

இப்படித்தான் பல்லம்மாவுக்கு உரிமம் கிடைத்தது. புகைப்படக்காரர் படம் எடுக்கும்போது பல் தெரியச் சிரித்தார். அந்தப் பல் சொந்தத் தயாரிப்பு.

தேர்வாளரை, வைத்தியம் பார்த்துக்கொண்டு வரும்வரை காரில் ஏறக் கூடாது என்று சொல்லி, எண் பலகை வழங்குகிற அறையில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. அவருக்கு அது தண்டனையாகவே படவில்லை.

மனைவி அவரை ஒவ்வாமைக்கென்றே படித்த டாக்டரிடம் இழுத்துப் போனார். டாக்டரம்மா அவருடைய முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு ஒவ்வொன்றிலும் ஊசிமுனையால் கீறினார். மற்றவை கொசுக்கடி அளவு தடித்தன. அந்த மரத்துக்கான சொட்டு இருந்த இடம் வடை மாதிரி எழும்பியது. டாக்டர் அளவுகோல் வைத்து அளந்தார். பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இவ்வளவு நல்லா எழும்பி நான் பார்த்ததில்லை." இவருக்கு லேசாகப் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது.

"கடல்கிட்டப் போயிட்டா சரியாயிடுமா டாக்டர்?" அதுதான் அவர் முதல் கேள்வி. துறைமுக ஊர் அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டு மனசுக்குள் வீடே பார்த்துவிட்டார்.

"அங்கயும் ஏதாவது பூக்கும்."

"கடல்ல என்ன பூக்கும்?"

"கரையில புல் பூக்கும். இதோ பாருங்க, புல்லுக்கும் உங்க கை தடிச்சிருக்கு. கொஞ்சம் பிந்திப் பூக்கும், அவ்வளவுதான்."

பிறகு வைத்தியங்களை ஒவ்வொன்றாக அவர் முன்னால் வைத்தார்கள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காரில் பக்கத்து இருக்கையில் இருப்பவர்போலவே கேட்டுக்கொண்டார். ஸ்பிரேயைப் பற்றிச் சொன்னதும், அதைப் பார்த்தாயிற்று, தேறவில்லை என்றார்.

"எப்படி அடிச்சீங்க? காட்டுங்க."

அவர் தலையை அண்ணாந்து, குழாயை நட்டுக்குத்தாக மூக்கில் வைத்து, சுவரே அதிரும்படி உறிஞ்சிக் காட்டினார்.

"மருந்து பூராத் தொண்டைக்குப் போயிருக்கு. மூக்கு பட்டினி கிடந்திருக்கு" என்றார் டாக்டர். "லேசாக் குனிஞ்சு, நடுச்சுவர்ல படாம வெளிப்பக்கமாச் சாய்ச்சு அடிக்கணும். உறிஞ்சக் கூடாது. பூக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தொடங்கி, தினமும்."

வாழ்க்கையில் முதல்முறையாக, தவறான கோணத்தில் நிறுத்தியதற்காக அவர் ஃபெயில் ஆனார். வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

புது ரக மாத்திரைகளால் அநேகம் பேருக்குத் தூக்கக் கலக்கம் வராது, ஆனால் முதலில் வீட்டில் இருக்கிற நாளில் போட்டுப் பாருங்கள் என்றார்கள். அடுத்தது ஊசி. எந்தத் தூள் ஆகவில்லையோ அதையே துளித்துளியாக உடம்பில் ஏற்றிப் பழக்குவது. முதல் சில மாதங்கள் வாரா வாரம், அப்புறம் மாதம் ஒன்று. மூன்று வருஷமாவது போட வேண்டும். அபூர்வமாகச் சிலருக்கு உடம்பு மோசமாகச் சண்டைபோடும். அதனால் ஒவ்வொரு தடவையும் போட்டபிறகு அங்கேயே காத்திருக்க வேண்டும். பலருக்கு நன்றாகக் குறையும், சிலருக்குக் குறையாது.

"குறையும்னு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார்.

"உங்ககிட்ட வர்றவங்களுக்குப் பாஸ்னு முன்னாடியே எழுதித் தருவீங்களா?" என்றார் டாக்டர்.

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. நாக்குக்கு அடியில் வைக்கிற மருந்தும் உண்டு, வீட்டிலேயே தினமும் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் ஆரம்பித்தபோது மனைவி குறுக்கிட்டார். "ஒரு மாசம் வைப்பார். அப்புறம் நாக்குதான் இருக்கும், மருந்து இருக்காது. ஊசியே போடுங்க. வாரா வாரம் நானே கூட்டிட்டு வர்றேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து வாரா வாரம் எங்கயும் சேர்ந்து போனதில்லை."

அப்படியாக ஸ்பிரேயும், புது மாத்திரையும், மரங்கள் ஓய்ந்த பிறகு ஊசியும் என்று முடிவானது. வாரம்தோறும் இரண்டு பேரும் அந்தக் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தம்மா அங்குள்ள திரைச்சீலைகளின் வெளுப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுத்த பருவத்தில் தும்மல் நின்றுவிடவில்லை. பாதிக்கும் கீழே வந்தது. அதற்கடுத்த பருவத்தில் இன்னும் குறைந்தது. மறுபடி காரில் ஏறினார். நான் சந்தோஷப்பட்டேன், என் பிள்ளைகள் இனிமேல் தேறுவார்கள் என்று. நடந்தது வேறு. முன்பெல்லாம் கண்ணில் நீர் வழிய, பாதிச் சாலையை அவர் பார்த்ததே இல்லை. இப்போது எல்லாம் தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்கிற விதம் தெரிந்தது, கோட்டைத் தொட்ட டயர் தெரிந்தது. என் பள்ளியில் தேறாதவர்கள் பட்டியல் முன்பைவிட நீண்டுவிட்டது. நான் தும்மல் பயிற்சியை நிறுத்திவிட்டு, பின்கண்ணாடி பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன்.

போன மாதம் என்னிடம் ஒரு நர்ஸ் படிக்க வந்தார். பேச்சுவாக்கில் தெரிந்தது, தேர்வாளருக்கு ஊசி போடுகிறவரே அவர்தான். இவ்வளவு நாள் பழக்கம், கொஞ்சம் பார்த்து மார்க் போடமாட்டாரா என்று நர்ஸுக்கு ஒரு நம்பிக்கை. தேர்வன்று காரில் ஏறியதும், "கை வீக்கம் இறங்கிடுச்சா சார்?" என்று கேட்டிருக்கிறார். "நேரா" என்றிருக்கிறார் இவர். வளைவில் சைகை விளக்குப் போட மறந்துவிட்டார் நர்ஸ். ஐந்தாவது வார்த்தை வந்துவிட்டது.

அடுத்த ஊசி நாளன்று அவர் வழக்கம்போல மனைவியோடு போய், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்காமல் பஞ்சால் துடைத்தார், போட்டார், அடுத்தவரைக் கூப்பிட்டார். ஊசி எப்போதும் போலத்தான் இருந்தது என்கிறார் மனைவி. இவர் அப்படிச் சொல்லவில்லை. கோணம் கொஞ்சம் தப்பு என்கிறார்.